நெல்லை வெயிலில் பழைய ஹோண்டா சிட்டி விடெக்: தினசரி ஓட்டத்துக்கு ஆகுமா?

ஆர்சி புத்தகத்தில் இதை யாரும் ஸ்போர்ட்ஸ் கார் என்று எழுதவில்லை. நாலு கதவு, பெரிய டிக்கி, ஐந்து பேர் உட்காரும் சாதாரண குடும்ப வண்டிதான். ஆனாலும் 2000-ல் ஹோண்டா சிட்டிக்குள் 1.5 லிட்டர் விடெக் இன்ஜின் வந்தபோது, நடுத்தர வீட்டுக்காரர் எட்டிப் பிடிக்கிற விலையில் அதோடு போட்டி போடக்கூடிய பெட்ரோல் கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1,493 சிசி, 106 குதிரைத்திறன், எடை ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். 2003 கடைசியில் வந்த அடுத்த சிட்டி உயரமாக, இடவசதியாக, சிக்கனமாக இருந்தது. ஆனால் அதன் இன்ஜின் 77 குதிரைத்திறன்தான். பழைய விடெக்கை வைத்திருந்தவர்கள் பலர் அன்றைக்கு அதை விற்காமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

இன்றைக்கு டிஎன் 72, டிஎன் 69, டிஎன் 74 பலகைகளோடு இந்த வண்டிகள் விற்பனைக்கு வருகின்றன. வாங்கி அலுவலகத்துக்கும் மார்க்கெட்டுக்கும் தென்காசிக்கும் நாகர்கோவிலுக்கும் தினமும் ஓட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும். இந்த இன்ஜின் கைவிடாது. கைவிடுவதெல்லாம் அதைச் சுற்றியிருக்கும் ரப்பர், பிளாஸ்டிக், ஈயப்பற்று. பாளையங்கோட்டையில் 40 டிகிரியைத் தொடும் வெயில் முதலில் கடிப்பதும் அந்த மூன்றைத்தான். வாங்கிய முதல் மாதமே அவற்றைப் புதுப்பித்துவிட்டால் வண்டி தினசரி ஓட்டத்துக்கு நிற்கும். ‘ஓடும்வரை ஓடட்டும்’ என்று விட்டால், வண்ணார்பேட்டை சிக்னலில் நட்ட நடு மதியத்தில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

முதலில் ஓட்டத்தைப் பற்றி. சீட் தாழ்வு, டாஷ்போர்டு தாழ்வு, தூண்கள் மெலிசு. நாலு பக்கமும் ரோடு தெரியும். இப்போதைய கார்களில் இருந்து இறங்கி இதில் உட்கார்ந்தால் தரையில் பாய் விரித்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஊருக்குள் மூன்றாம் கியரில் சும்மா உருளும். ஈரடுக்கு மேம்பாலம், சுலோச்சன முதலியார் பாலம் என்று ஊர்ந்து போகும்போது இதில் விசேஷமாக எதுவும் தெரியாது. நாங்குநேரி தாண்டிய நான்கு வழிச் சாலையில் மூன்றாம் கியரில் வைத்து டேக்கோமீட்டர் முள்ளை மேலே ஏற விடும்போதுதான் இன்ஜினின் குரல் மாறும். ஒவ்வொரு சிலிண்டரிலும் இன்டேக் வால்வுகளுக்கு மேலே, வால்வை அழுத்தித் திறக்கும் இரண்டு ராக்கர்களுக்கு நடுவில் இன்னொரு ராக்கர் உண்டு. குறைந்த வேகத்தில் அது தனியாக ஆடிக்கொண்டிருக்கும். சுற்று ஏறியதும் ஆயில் அழுத்தம் ஒரு சிறு ஊசியைத் தள்ளி மூன்று ராக்கரையும் ஒன்றாகப் பூட்டும். உயரமான கேம் முகடு வால்வை அதிகமாகத் திறக்கும். விடெக் என்பது இதுதான். அந்த மாற்றம் காதுக்கும் முதுகுக்கும் ஒருசேரத் தெரிகிறது. லாரியை முந்துவதற்கு இதைவிட நம்பிக்கையான வண்டி இந்த விலைக்குக் கிடைக்காது.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் மட்டும் கவனம். ஆனி, ஆடி மாதக் காற்று முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகிற வேகத்திலேயே இந்த எடை குறைந்த வண்டியையும் பக்கவாட்டில் தள்ளும். டயர் தேய்ந்திருந்தாலோ அலைன்மென்ட் சரியில்லாமல் இருந்தாலோ அங்கே உடனே காட்டிக்கொடுத்துவிடும். பணகுடி தாண்டியதும் வேகத்தைக் குறைத்து இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மைலேஜ் ஊருக்குள் 10, 11. நான்கு வழிச் சாலையில் 90-ஐத் தாண்டாமல் போனால் 14, 15. ஏசி போட்டு, விடெக் எல்லையைத் தொட்டுத் தொட்டு ஓட்டினால் இதெல்லாம் வராது.

இனி வெயில். இந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பாதி இதுதான்.

ரேடியேட்டரின் நடுப்பகுதி அலுமினியம், தொட்டி பிளாஸ்டிக். 20 வருடச் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் கறுப்பிலிருந்து பழுப்பாக மாறும். மேல் ஹோஸ் மாட்டும் கழுத்துப் பகுதியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பொடி உதிர்ந்தால் அது உடையும் நாள் தூரத்தில் இல்லை. ஒட்டுப் போடுவது, எம்-சீல் வைப்பது எல்லாம் வீண் வேலை. ரேடியேட்டர், மேல் கீழ் ஹோஸ்கள், மூடி, தெர்மோஸ்டாட் நாலையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். மூடியை மறந்துவிடாதீர்கள். 1.1 பார் அழுத்தம் தாங்க வேண்டிய மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால், கூலண்ட் அழுத்தம் ஏறாமல் சீக்கிரமே கொதித்து ரிசர்வ் டப்பா வழியாக வெளியே போகும். வண்டிக்காரர் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்று பயந்து ஆயிரக்கணக்கில் செலவு செய்வார்.

பட்டறையில் நடக்கும் ஒரு தவறை இங்கே சொல்லியே ஆக வேண்டும். “அண்ணாச்சி, இந்த ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட்டே வேண்டாம், கழத்திப் போட்டுருவோம், சூடே ஏறாது” என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். கார்புரேட்டர் வண்டிக்கு அது ஓரளவு ஓடியது. இது இன்ஜெக்ஷன் வண்டி. தெர்மோஸ்டாட் 80 டிகிரி சுமாரில் திறக்கிறவரை இன்ஜினைச் சூடாக வைப்பதற்கென்றே இருக்கிறது. அதைக் கழற்றினால் காலை நேரத்திலும் நெடுஞ்சாலை ஓட்டத்திலும் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. ‘இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது’ என்று இன்ஜெக்ஷன் கம்ப்யூட்டரான இசியூ பெட்ரோலை அள்ளி ஊற்றும். மைலேஜ் இறங்கும், பிளக் கறுக்கும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும். போக்குவரத்து நெரிசலில் சூடு ஏறினால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்கும் முன் ரேடியேட்டர் ஃபேனைப் பாருங்கள். ஏசி போட்டால் ஃபேன்கள் ஓட வேண்டும். ஏசி இல்லாமலும் முள் நடுவைத் தாண்டுமுன் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபேன் சுவிட்ச், ஃபேன் மோட்டாரின் கார்பன் பிரஷ், ரிலே என்று வரிசையாகப் பாருங்கள். சுவிட்சைத் தாண்டி நேரடியாக ஒயர் இழுத்து எப்போதும் ஓட விடுவது தீர்வே அல்ல.

போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது. ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உப்பு நீர் என்றால் குழாய்க்குள் சுண்ணாம்பு கட்டிவிடும். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. ஊற்றும்போது ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் திருப்பி, மூடியைத் திறந்து வைத்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை இன்ஜினை ஐடிலில் விடுங்கள். உள்ளே மாட்டிய காற்று குமிழ்விட்டு வெளியேறும். குமிழ் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அது மாட்டிய காற்று அல்ல, சிலிண்டரிலிருந்து வரும் வாயு. ஹெட் கேஸ்கெட்டைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம். ஹெட்டை இறக்கினால் லேத்தில் கொடுக்கும் முன் நேர்கோல் வைத்து ஃபீலர் கேஜால் அளக்கச் சொல்லுங்கள். 0.05 மி.மீ.க்குள் வளைவு இருந்தால் தேய்க்கத் தேவையில்லை. மொத்தமாக 0.2 மி.மீ.க்கு மேல் தேய்க்கவும் கூடாது. ‘எதற்கும் ஒரு ஃபேசிங் போட்டுருவோம்’ என்று ஒவ்வொரு முறையும் தேய்த்த ஹெட்டுகள் நிறைய இருக்கின்றன.

அடுத்தது, மதிய வெயிலில் நிறுத்திவைத்த வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகாத பிரச்சினை. காலையில் ஒரே சாவியில் எழும்பும். மதியம் இரண்டு மணிக்குச் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. சாயங்காலம் ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் பம்ப் மாற்றுவார்கள், பிளக் மாற்றுவார்கள், பேட்டரி மாற்றுவார்கள். குறை அப்படியே இருக்கும். அந்தக் கால ஹோண்டாக்கள் பலவற்றுக்கும் பொதுவான நோய் இது. மெயின் ரிலே என்று டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. இன்ஜெக்ஷன் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் கரண்ட் கொடுப்பது அதுதான். அதற்குள் இருக்கும் ஈயப்பற்றுகள் வருடக்கணக்கான சூட்டிலும் அதிர்விலும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விடும். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் உள்சூட்டில் வெடிப்பு விரிந்து தொடர்பு அறும், குளிர்ந்ததும் ஒட்டிக்கொள்ளும்.

கண்டுபிடிப்பது எளிது. ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். இன்ஜின் விளக்கு எரிந்து இரண்டு வினாடியில் அணையும். அந்த இரண்டு வினாடியும் பின் சீட்டுப் பக்கமிருந்து பம்ப் ‘ம்ம்ம்’ என்று முனகும். முனகல் இல்லை, செல்ஃப் மட்டும் சுற்றுகிறது என்றால் ரிலேதான் முதல் சந்தேகம். முனகல் கேட்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் ரிலேயை விடுங்கள். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இக்னைட்டரையோ காயிலையோ பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது டேக்கோமீட்டர் முள் கொஞ்சமும் துள்ளாவிட்டால் இக்னைட்டர் மேல் சந்தேகம் வலுக்கும்.

ரிலேயைச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ரிலேயைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, சாக்கெட்டின் பூட்டை அழுத்திப் பிரித்து எடுங்கள். பிளாஸ்டிக் உறையின் கொக்கிகளை மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் உள்ளே பலகை வெளியே வரும். பலகையின் பின்பக்கத்தில் தடித்த பின்கள் வரும் இடங்களைச் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். ஈயத் திட்டின் நடுவே பின்னைச் சுற்றி முடி மாதிரி ஒரு கறுப்பு வளையம் தெரியும். அதுதான் வெடிப்பு. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஃபிளக்ஸ் தடவி, 60/40 ஈயத்தைப் புதிதாக வையுங்கள். வெடிப்புத் தெரியும் பின்னுக்கு மட்டும் வைத்து நிறுத்தாமல் எல்லாப் பின்களுக்கும் வைத்துவிடுவது நல்லது. கைநடுக்கம் உள்ளவர்கள் பக்கத்து டிவி ரிப்பேர் கடையில் கொடுத்தால் சுத்தமாகச் செய்து தருவார்கள். வாங்கிய வாரத்திலேயே, குறை வரும்வரை காத்திருக்காமல், இதைச் செய்துவிடுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர், ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க நுனியில் உட்கார்ந்திருக்கிறது. மூடியைத் திறந்ததும் உள்ளே செம்மஞ்சள் தூசி படிந்திருந்தால் அதன் தண்டின் பேரிங் தேய்கிறது என்று அர்த்தம். விட்டால் ஒருநாள் தண்டு இறுகிவிடும். உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் தண்டின் சீல் போய்விட்டது. வெளியே மட்டும் ஆயில் கசிந்தால் ஓ-ரிங் மாற்றினால் போதும். விடெக்குக்கு ஆயிலைத் திறந்துவிடும் சாலனாய்டின் அடியிலும் இதே மாதிரி ஒரு கேஸ்கெட் காய்ந்து கசியும். ஹெட்டின் பின்பக்கம் முழுக்க எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் பெரிய செலவு என்று மனதை விடவேண்டாம். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட்டும் டைமிங் பெல்ட் விஷயத்தில் சமரசமே கூடாது. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலேறி வால்வை இடிக்கும், வால்வுகள் வளையும். முந்தைய உரிமையாளர் மாற்றிய பில் கையில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் 5 வருடத்துக்கு மேல் ஒரு பெல்ட்டை விடக்கூடாது. வாட்டர் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான் என்பதால் பம்ப், டென்ஷனர், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். தனித்தனியாகப் போனால் கூலியை இரண்டு முறை கொடுக்க வேண்டிவரும். மெக்கானிக்குக்கு ஒரு நினைவூட்டல்: இந்த ஹோண்டா இன்ஜின் இடஞ்சுழியாகச் சுற்றுவது. மாருதி பழக்கத்தில் எதிர்த்திசையில் சுற்றிக் குறி வைத்தால் பெல்ட்டின் இறுக்கம் தவறிவிடும்.

டாப்பெட் கிளியரன்ஸ், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி பார்ப்பது இப்போதைய கார்க்காரர்கள் மறந்துபோன வேலை. இதில் ஹைட்ராலிக் லிஃப்டர் கிடையாது, ஸ்க்ரூதான். இன்டேக் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.25 மி.மீ. இரண்டிலும் கூடக் குறைய 0.02 இருக்கலாம். இன்ஜின் 38 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும் என்பது ஹோண்டாவின் விதி. சித்திரை மாதம் மதியம் இங்கே காற்றே 38-ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே ராத்திரியே வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, காலை 7 மணிக்கு யாரும் ஸ்டார்ட் செய்யுமுன் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் பிஸ்டனையும் உச்சியில் நிறுத்தி, 1-3-4-2 வரிசையில், நாலு தடவை. முதல் சிலிண்டர் உச்சியில் இருக்கும்போது நடு ராக்கரை விரலால் அழுத்திப் பாருங்கள். மற்ற இரண்டையும் அசைக்காமல் அது மட்டும் தனியாக இறங்கி ஏற வேண்டும். சிக்கினால் உள்ளே ஆயில் கசடு சேர்ந்திருக்கிறது. டிக் டிக் என்று சத்தம் போடும் வால்வைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது சத்தமே போடாத எக்ஸாஸ்ட் வால்வுக்குத்தான். இடைவெளி இறுகிப்போன வால்வு முழுதாக மூடாது. சூட்டை ஹெட்டுக்குக் கடத்த முடியாமல் ஓரம் கருகிவிடும். எல்பிஜி கிட் மாட்டி ஓட்டிய வண்டிகளில் வால்வு சீட் தேய்ந்து இது சீக்கிரம் நடக்கும். எல்பிஜி மாட்டிக் கழற்றிய அடையாளம் தெரிந்தால், டிக்கித் தரையில் துளைகளும் இன்டேக் குழாயில் ஒட்டும் இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஆயில் அளவு முக்கியம். விடெக் வேலை செய்வதே ஆயில் அழுத்தத்தில்தான். டிப்ஸ்டிக்கில் இரண்டு துளைகள் இருக்கும். மட்டம் எப்போதும் மேல் துளையை ஒட்டி நிற்கட்டும். மட்டம் இறங்கினால் அழுத்த சுவிட்ச் ஒத்துழைக்காது, இசியூ விடெக்கைத் திறக்காது, வண்டி 4,000-க்கு மேல் சோம்பிப்போகும். இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் தேடி அலைய வேண்டாம். டாஷ்போர்டுக்கு அடியில் எதிலும் மாட்டாமல் தொங்கும் இரண்டு பின் சர்வீஸ் கனெக்டரை ஒரு ஒயர்த் துண்டால் இணைத்துச் சாவியை ஆன் செய்தால், இன்ஜின் விளக்கு மினுக்கிக் கணக்குச் சொல்லும். நீண்ட மினுக்கு 10, குறுகிய மினுக்கு 1. 21 என்றால் விடெக் சாலனாய்டு, 22 என்றால் அழுத்த சுவிட்ச், 6 என்றால் கூலண்ட் சென்சார்.

பெட்ரோல். இப்போது பங்குகளில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. இந்த வண்டி பிறந்தபோது அப்படி ஒரு பெட்ரோலே இல்லை. இன்ஜின் ஓடும், ஆனால் பழைய ரப்பர் ஹோஸ்கள் ஊதி, மிருதுவாகி, பிறகு வெடிக்கும். இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளும் அப்படித்தான். சூடான இன்ஜின் மேல் அழுத்தத்தில் பெட்ரோல் பீச்சினால் நடப்பது தீ விபத்து. டேங்கிலிருந்து இன்ஜெக்டர்கள் மாட்டிய ரெயில்வரை உள்ள எல்லா ரப்பர்த் துண்டுகளையும், மேலே ‘ஜே30 ஆர்9’ என்று அச்சிட்ட இன்ஜெக்ஷன் ஹோஸாக மாற்றுங்கள். கார்புரேட்டர் வண்டிக்கான மலிவு ஹோஸ் இந்த அழுத்தத்துக்கு ஆகாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் வாரக்கணக்கில் அரை டேங்கோடு நிறுத்தி வைக்காதீர்கள். இந்த வகையில் தினசரி ஓட்டம் இந்த வண்டிக்கு நல்லதே.

அடிப்பாகம் நம் ரோட்டுக்குக் கொஞ்சம் தாழ்வு. சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கம் ஊருக்கு ஊர் போட்டிருக்கும் வேகத்தடைகளில் ஐந்து பேரோடு நேராக ஏறினால் சைலன்சர் நடுக்குழாய் உரசும். கொஞ்சம் சரித்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுங்கள். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய வண்டியை இந்த ஜில்லாவில் தினசரி ஓட்டவே முடியாது. லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், இன்ஜின் மவுண்ட், ஆக்ஸில் பூட் நாலும் இந்த வயதில் போயிருக்கும். டவுன் ரதவீதி முனையில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது ‘கடக் கடக்’ என்றால் பூட் கிழிந்து, கிரீஸ் போய், ஜாயிண்டுக்குள் மண் ஏறிவிட்டது. பூட்டோடு முடிந்திருக்க வேண்டிய செலவு முழு ஆக்ஸிலுக்குப் போகும். நியூட்ரலில் ‘ஙொய்’ என்ற சத்தம் வந்து கிளட்ச் மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் இன்புட் பேரிங். உடனே நிற்காது; ஆனால் விலை பேச அது ஒரு நல்ல காரணம். கியர்பாக்ஸுக்கு ஹோண்டாவின் கியர் ஆயிலான எம்டிஎஃப் மட்டும் ஊற்றுங்கள். கெட்டியான 90 நம்பர் ஆயில் ஊற்றினால் காலையில் இரண்டாம் கியர் விழ அடம்பிடிக்கும்.

தேரி மண் பக்கம் போய்வருபவர்கள் ஏர் ஃபில்டரை 5,000 கி.மீ.க்கு ஒருமுறை திறந்து பாருங்கள். திசையன்விளை, சாத்தான்குளம் ரோட்டில் ஓடும் வண்டியின் ஃபில்டர் செங்கல் பொடி தடவியது போல இருக்கும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறக்கத்தில் பிரேக்கையே நம்பாமல் இரண்டாம் கியரில் இறங்குங்கள். பின்னால் டிரம் பிரேக், ஏபிஎஸ் எதிர்பார்க்க வேண்டாம். குற்றால சாரலில் நனைந்த ரோட்டில் அது நினைவில் இருக்கட்டும். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 6 வருடம் தாண்டிய டயர் எவ்வளவு பட்டன் இருந்தாலும் இந்த வேகத்துக்கு வேண்டாம்.

துரு விஷயத்தில் உவரி, கூடங்குளம், திருச்செந்தூர்க் கடற்கரை வண்டிகளைவிட அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கத்து வண்டிகள் மேல். பின் சக்கர வளைவின் உள் உதட்டைக் கையால் தடவிப் பாருங்கள். ஸ்பேர் வீல் குழியில் மிதியை எடுத்துத் தரையைப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை மறந்துவிடக் கூடாது. தாமிரபரணி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் புகுந்த நாட்கள் அவை. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் தண்ணீரில் முங்கிய வண்டிகள் எத்தனையோ. அவை கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்திருக்கின்றன. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்துப் பார்த்தால் கடைசிப் பகுதியில் வண்டல் கோடு தெரியும். கார்பெட் அடியில் ஓடும் ஒயரிங் கனெக்டரைப் பிரித்தால் பின்களில் பச்சை பூத்திருக்கும். அப்படி ஒன்று இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். தண்ணீர் குடித்த ஒயரிங்கை யாராலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

பேப்பர். 15 வருடம் முடிந்த வண்டி என்பதால் ஆர்சி ஐந்தைந்து வருடமாகத்தான் புதுப்பிக்கப்படும். படிவம் 25-ஐ, முடியும் தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும்; வண்டியை ஆய்வாளர் நேரில் பார்ப்பார். 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் மத்திய அரசு புதுப்பிப்புக் கட்டணத்தை 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டது. பசுமை வரி தனி. ஆர்சி முடிய எத்தனை மாதம் பாக்கி என்பதைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். இன்சூரன்ஸில் வண்டியின் மதிப்பு நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்வது. முழு பாலிசி தர ஒரு இடத்தில் மறுத்தால் இன்னொரு இடத்தில் கேளுங்கள். மூன்றாம் நபர் பாலிசியோடு நின்றுவிடாதீர்கள்.

உதிரி பாகங்களில் ஃபில்டர், பெல்ட், பிரேக் பேட், பேரிங், சீல் வரை கவலை இல்லை. டெயில் லாம்ப், பம்பர், கண்ணாடி பீடிங், உள்ளலங்காரப் பிளாஸ்டிக் இவைதான் அரிது. மதுரையில் விசாரித்து, அங்கே இல்லையென்றால் சென்னை புதுப்பேட்டை. பாகத்தின் எண்ணைப் பார்த்து வாங்குங்கள், 1.3 சிட்டிக்கும் விடெக்குக்கும் எல்லாம் பொருந்தாது. சின்ன இடிகூட வாங்காத பாடி உள்ள வண்டிக்கு இருபதாயிரம் கூடுதலாகக் கொடுப்பதில் நஷ்டமே இல்லை. இன்ஜினைச் சரிசெய்ய ஆள் கிடைப்பார், உடைந்த டெயில் லாம்ப் கிடைக்காது.

இதே தகுதிக்குச் சிலர் வேறு வண்டிகளையும் பார்ப்பார்கள். ஃபோர்டு ஐகான் 1.6 ஓட்ட இனிமை, டைமிங் செயின் என்பது பெரிய நிம்மதி. ஆனால் அதன் பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் ஹவுசிங் வெடிப்பது அதற்கான தனி நோய். ஃபியட் பாலியோ 1.6-க்கு ரோட்டுப் பிடிப்பு சிட்டியைவிட உறுதி, பெட்ரோல் தாகமும் அதிகம். திருவள்ளூரில் செய்த மிட்சுபிஷி சீடியா மனதை இழுக்கும் வண்டி. பாகம் தேடுவது அதைவிட இழுக்கும். தினமும் ஓட்ட வேண்டும் என்றால் சிட்டி விடெக்தான்.

வாங்குகிற விலையில் பாதியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் பார்க்கப் போங்கள். பெல்ட் செட், கூலிங், ஹோஸ், புஷ், டயர் எல்லாம் அதிலிருந்து. கையில் அந்தப் பாதி இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம் பொறுப்பதே நல்லது. வீட்டில் இது ஒன்றுதான் வாகனம், காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டே ஆக வேண்டும் என்றால் கூடவே ஒரு ஸ்கூட்டராவது இருக்கட்டும். ஒரு பாகம் புதுப்பேட்டையிலிருந்து பார்சலில் வர இரண்டு மூன்று நாள் ஆகும்.

பார்க்கப் போகும் நேரமும் முக்கியம். விற்பவர்கள் காலையில் வரச்சொல்வார்கள். நீங்கள் மதியம் ஒன்றரை மணிக்குப் போங்கள். ஏசி போட்டு கேடிசி நகரிலிருந்து கங்கைகொண்டான்வரை ஓட்டிப் போய், திரும்பி வந்து, ஐடிலில் ஏசியோடு பத்து நிமிடம் விட்டு வெப்ப முள்ளையே பாருங்கள். பிறகு அணைத்து, கண்ணாடிகளை ஏற்றி, நிழல் இல்லாத இடத்தில் முக்கால் மணி நேரம் நிறுத்துங்கள். அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். உட்கார்ந்து, கதவைச் சாத்தி, யாரையும் பேச விடாமல், சாவியை ஆனில் வைத்துப் பின் சீட்டுப் பக்கம் காது கொடுங்கள். பம்ப் முனகல் கேட்டு, இரண்டாம் சுற்றுக்குள் இன்ஜின் பிடித்தால் விலை பேச ஆரம்பிக்கலாம். கேட்கவில்லையென்றாலும் வண்டியை விட்டுவிட வேண்டியதில்லை. அரை மணி நேர ஈய வேலைதான் அது. விற்பவருக்கு அது தெரியாதபட்சத்தில் விலை நன்றாகவே இறங்கும்.